வலிப்பு வரும் பூனைக்குக் கருத்தடை செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பூனை பூரணிக்கு முதல் வலிப்பு வந்தபோது அவளுக்கு ஒன்பது மாதம். அடுத்த வாரம்தான் கருத்தடைக்கு நாள் குறித்திருந்தோம். செய்வதா, தள்ளிப்போடுவதா, செய்யாமலே விட்டுவிடுவதா என்று வீட்டில் எல்லோரும் குழம்பிப் போனோம். அதே குழப்பத்தோடு பூனை வளர்க்கும் பலர் பிறகு என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும், மருத்துவர்களிடம் விசாரித்தும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்தவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

வலிப்பு வந்திருக்கிற பூனைக்குக் கருத்தடை செய்யலாமா, கூடாதா?

செய்யலாம். வலிப்பு எதனால் என்று ஓரளவு தெரிந்து, மாத்திரையில் கட்டுக்குள் வந்து, மயக்கம் கொடுப்பவருக்கு முழு விவரமும் முன்பே தெரிந்திருந்தால், இப்படிப்பட்ட பூனைகள் பெரும்பாலும் ஆபரேஷனை நல்லபடியாகத் தாண்டிவிடுகின்றன. கத்தியும் தையலும் மற்றப் பூனைக்கு எப்படியோ இதற்கும் அப்படித்தான். கவலைப்பட வேண்டியது, என்ன நோய் என்று பார்க்காமலே மேசையில் ஏற்றுவதைப் பற்றியும், அன்றைய மாத்திரையைத் தவறவிடுவதைப் பற்றியும்.

மயக்க மருந்திலேயே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை மயக்கம் கொடுக்கப்பட்ட 79,000-க்கும் மேற்பட்ட பூனைகளைக் கணக்கெடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான பூனைகளில் இறப்பு 0.11 சதவீதம், அதாவது ஏறக்குறைய 900-க்கு ஒன்று. உடலை வாட்டும் நோய் ஏற்கெனவே இருந்தவற்றில் அது 1.4 சதவீதம். உங்கள் பூனை இந்த இரண்டு கூட்டத்தில் எதில் சேரும் என்பதுதான் விஷயம். மாத்திரையில் அடங்கி, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கும் வலிப்பு, முதல் கூட்டத்துக்கு அருகில் வரும். கல்லீரல் கோளாறாலோ மூளைக்கட்டியாலோ வரும் வலிப்பு இரண்டாவதில் போய் நிற்கும்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இறந்த பூனைகளில் பாதிக்கு மேல் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் இறந்திருக்கின்றன, அதிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். ஆகவே மருத்துவமனையில் நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்: "கண்விழிக்கிற வரைக்கும் பக்கத்தில் யார் இருப்பார்கள்?"

எங்கள் பூனைக்கு வந்தது வலிப்புதானா என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் தடவை ஹீட்டுக்கு, அதாவது இணை தேடும் பருவத்துக்கு, வரும் இளம் பூனையைப் பார்த்து வலிப்பு என்று பதறிப்போகிறவர்கள் நிறையப் பேர். தரையில் புரளும், அடிவயிற்றிலிருந்து கத்தும், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு பின்னங்கால்களால் தரையை மிதிக்கும். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். முதுகைத் தடவினால் வாலை ஒரு பக்கம் ஒதுக்கி இன்னும் தூக்கிக் காட்டும். அது இயற்கை, வைத்தியம் எதுவும் வேண்டாம்.

வலிப்பில் பூனை உங்களோடு இருக்காது. பூரணிக்கு முதலில் ஒரு பக்க மீசை மட்டும் துடிக்கும். கண்மணி முழுக்க விரிந்து கறுப்பாகிவிடும். வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கும். அப்புறம் சாய்ந்து விழுந்து நான்கு கால்களாலும் காற்றில் நீந்துவாள், அந்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். முடிந்ததும் பத்து நிமிடம் சுவரை முட்டிக்கொண்டு நடப்பாள், பிறகு கிண்ணத்தைத் தேடி வந்து நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவள் மாதிரி சாப்பிடுவாள். எல்லாப் பூனையும் விழுந்து துடிக்காது. முகம் மட்டும் துடிப்பது, திடீரென்று எதிலாவது மோதுகிற வேகத்தில் ஓடுவது, இவையும் பூனைகளில் வலிப்பின் முகங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: இதயக் கோளாறால் வரும் மயக்கம். பூனை துணி மாதிரி தொய்ந்து விழும், சில நொடிகளில் எழுந்து ஒன்றுமே நடக்காதது போலப் போகும். பூனைகளில் இதயத் தசை தடிக்கும் நோய் வெளியில் தெரியாமல் இருப்பது சகஜம். மயக்க மருந்துக்கு வலிப்பைவிட இதுதான் பெரிய தலைவலி. வலிப்பு என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தால் இதயத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் அடுத்த தடவை வரும்போது கைபேசியில் படம் பிடியுங்கள். நீங்கள் அரை மணி நேரம் விவரித்துச் சொல்வதைவிட அந்த ஒரு நிமிடப் படம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

கருத்தடைக்கு முன் என்னென்ன பரிசோதனை செய்ய வேண்டும்?

ரத்த அணுக்கள், சர்க்கரை, கால்சியம் உள்ளிட்ட உப்புகள், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவை கட்டாயம். பூனை லுகேமியா வைரஸ், பூனை எச்ஐவி வைரஸ் இரண்டுக்கும் பார்ப்பார்கள். வயதான பூனை என்றால் ரத்த அழுத்தமும். அது ஏறினாலும் வலிப்பு வரும்.

இளம் பூனையில் நான் வற்புறுத்திச் சொல்வது பித்த அமிலப் பரிசோதனை. சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் சுற்றுவழியாகப் போய்விடும். கல்லீரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா போன்ற நச்சுகள் நேரே மூளைக்குப் போவதால் வலிப்பு வருகிறது. இந்தக் குட்டிகள் உடன்பிறப்புகளைவிடச் சிறியதாக இருக்கும், காரணமில்லாமல் எச்சில் ஒழுகும், சிலவற்றுக்குக் கண் செம்பு நிறத்தில் மின்னும். பார்க்க அழகாகத்தான் இருக்கும்; அதனால்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. இப்படிப்பட்ட பூனைக்கு வழக்கமான அளவில் மயக்க மருந்து கொடுத்தால் உடலால் அதைக் கரைத்து வெளியேற்ற முடியாது. மணிக்கணக்கில் எழுந்திருக்காமல் கிடக்கும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது பிடிபடாமல் போகலாம். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பித்த அமிலத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்தக் கோளாறு இருந்தால் முதலில் அதற்கு வைத்தியம், கருத்தடை பிறகு.

மூளை ஸ்கேன் கட்டாயமா? அதற்கும் மயக்கம் கொடுப்பார்களாமே, இரண்டையும் சேர்த்துச் செய்துவிடலாமா?

எல்லோருக்கும் கட்டாயமில்லை. வலிப்புக்கு நடுவில் உள்ள நாட்களிலும் நடை தள்ளாடுவது, தலை சாய்ந்திருப்பது, ஒரே பக்கமாகச் சுற்றுவது, நடுவயதுக்கு மேல் முதல் முறையாக வலிப்பு வருவது, இப்படி ஏதாவது இருந்தால் ஸ்கேன் எடுப்பதே நல்லது. மூளைக்குள் அழுத்தம் கூடியிருந்தால் மயக்கத்தில் அது மோசமாகும்.

ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிப்பது கேட்க நன்றாக இருக்கும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஸ்கேனில் என்ன தெரியப் போகிறது என்பதே தெரியாமல்தானே உள்ளே போகிறோம். கட்டியோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கு வயிற்றைத் திறப்பதில் அர்த்தமில்லை.

கடைசி வலிப்புக்குப் பிறகு எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

இத்தனை நாள் என்று எல்லோருக்கும் பொதுவான கணக்கு கிடையாது. ஆனால் ஒரு குறைந்தபட்சம் சொல்லலாம். பூனைகளுக்கு முதலில் கொடுக்கப்படும் வலிப்பு மருந்து பெரும்பாலும் ஃபீனோபார்பிட்டால். அது ரத்தத்தில் நிலையான அளவுக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதற்குப் பிறகு ரத்தத்தில் அளவு பார்த்து, அது சரியாக இருந்து, பூனையும் சில வாரங்களாவது அமைதியாக இருந்தால் நாள் குறிக்கலாம். மருந்தை ஆரம்பித்த வாரத்திலோ, அளவை மாற்றிய வாரத்திலோ வேண்டாம்.

ஒரே விதிவிலக்கு கருப்பையில் சீழ் பிடிப்பது. அது உயிர் போகிற விஷயம். வலிப்பு கட்டுக்குள் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

அறுவை சிகிச்சை நாளன்று காலை வலிப்பு மாத்திரை கொடுக்கலாமா? வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் மருத்துவமனையிலிருந்து பேசியவர், "நாளைக்குக் காலையில் வாயில் எதுவும் வைக்கக்கூடாது" என்றார். நாங்களும் அப்படியே எடுத்துக்கொண்டு ஏழு மணி மாத்திரையையும் நிறுத்தினோம். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்குக் கூடைக்குள்ளிருந்து தடதடவென்று சத்தம். திறந்து பார்த்தால் பூரணி துண்டோடு சுருண்டு துடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. "மாத்திரை அந்தக் கணக்கில் வராது" என்று ஒரு வாக்கியம் யாராவது சொல்லியிருந்தால் போதும்.

வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் அதுவே வலிப்பைக் கிளப்பும். ஃபீனோபார்பிட்டால் உடலில் சற்று நேரம் தங்கும். இன்னொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும், எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுப்பது அதனால்தான். மாத்திரையை ஒரு சிட்டிகை ஈர உணவிலோ, கொஞ்சம் தண்ணீரோடோ கொடுக்கலாம். அதை மருத்துவரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாலை வரை அங்கேயே வைத்திருப்பார்கள் என்றால் அடுத்த வேளை மாத்திரையையும் உறையில் போட்டு, மேலே நேரத்தை எழுதிக் கொடுத்தனுப்புங்கள். வாய்வழியாகக் கொடுக்க முடியாவிட்டால் இதே மருந்துகள் ஊசியாகவும் இருக்கின்றன.

பட்டினியையும் நீட்டிக்க வேண்டாம். குட்டி என்றால் இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறாக விடக்கூடாது; சர்க்கரை இறங்கினாலும் வலிப்பு வரும். இரவிலிருந்தே கிண்ணத்தை எடுத்து வைக்கும் பழக்கம் இந்தப் பூனைகளுக்கு ஆகாது. அன்றைய பட்டியலில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தயங்காமல் கேட்கலாம், நியாயமான கோரிக்கைதான்.

எந்த மயக்க மருந்து நல்லது? கீட்டமைன் கூடவே கூடாது என்கிறார்கள்.

மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவர் வேலை. ஆனால் பேச்சு புரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். மிடசோலம், ப்ரொபோஃபால், அல்ஃபாக்சலோன், ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன் ஆகியவை வலிப்பு உள்ள பூனைகளுக்குத் தயக்கமில்லாமல் கொடுக்கப்படுபவை. மிடசோலமும் ப்ரொபோஃபாலும் வலிப்பை அடக்கவே பயன்படுகின்றன. வலிக்கு ப்யூப்ரினார்ஃபின் போன்றவை பொருந்தும்.

பூனையை அமைதிப்படுத்தக் கொடுக்கும் அசிப்ரோமசின் வலிப்பைத் தூண்டும் என்று காலம்காலமாக ஒரு எச்சரிக்கை இருந்தது. வலிப்பு உள்ள நாய்களுக்கு அதைக் கொடுத்த பதிவுகளைத் திரட்டிப் பார்த்தபோது அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் வேறு மருந்து இருக்கும்போது அது எதற்கு என்று பல மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். கீட்டமைன் விஷயம் இன்னும் சிக்கல். அதைத் தனியாகக் கொடுத்தால் உடல் விறைக்கும், துடிக்கும். வலிப்பு மாதிரியே தெரியும். மிடசோலம் போன்றவற்றோடு சேர்த்துக் கொடுக்கும்போது நிலைமை வேறு, அடங்காத வலிப்பை அடக்கக்கூட அதைப் பயன்படுத்துவது உண்டு. ஆகவே பெயரைக் கேட்டதும் சண்டைக்குப் போக வேண்டாம். "என் பூனைக்கு வலிப்பு இருக்கிறது, கீட்டமைன் தவிர்க்க முடியுமா, முடியாவிட்டால் அதோடு என்ன சேர்ப்பீர்கள்?" என்று கேட்டால் போதும்.

ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் பூனைக்கு மயக்கம் சற்று ஆழமாக இறங்கலாம். அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்கச் சொல்வது அதனால்தான். மருந்தைவிட முக்கியம், ஆபரேஷன் முழுக்க நரம்பில் ஊசிக்குழாய் இருப்பதும், மூச்சையும் ஆக்ஸிஜனையும் ரத்த அழுத்தத்தையும் உடல் சூட்டையும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பதும். ஒரே நாளில் ஐம்பது அறுபது பூனைகளுக்கு வரிசையாகச் செய்யும் முகாம்கள் தெருப்பூனைகளுக்குச் செய்யும் நன்மை பெரிது. இந்தப் பூனைக்கு அது இடமில்லை.

லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு) செய்தால் பாதுகாப்பா?

காயம் சிறியது, வலி குறைவு. ஆனால் வயிற்றுக்குள் கரியமில வாயுவை அடைத்து, தலைப்பக்கத்தைத் தாழ்த்தி வைப்பார்கள். இரண்டுமே மூளைக்குள் அழுத்தத்தைக் கூட்டும். மூளையில் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் வழக்கமான சிறு கீறல் முறையே நல்லது.

கண்விழிக்கும்போது தலையை ஆட்டுகிறது, கால்களை உதைக்கிறது. வலிப்பா, மயக்கம் தெளிவதா?

பெரும்பாலும் மயக்கம் தெளிவதுதான். கண் பக்கவாட்டில் ஆடும், தலை தள்ளாடும், இருட்டில் தடவுவது போல முன்னங்கால்களைப் போடும். மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கழுத்தில் கை வைத்தால் கொஞ்சமாவது அடங்கும். வலிப்பு யார் தொட்டாலும் நிற்காது. தாளம் போட்டது போல ஒரே சீராக வெட்டும், எச்சிலும் சிறுநீரும் சேர்ந்து வரும். வலி மருந்தினால் ஓரிரு நாள் கண்மணி விரிந்தே இருக்கலாம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வீட்டுக்கு அழைத்து வந்ததும் விளக்கைக் குறைத்து, சத்தமில்லாத அறையில், ஏறிக் குதிக்க எதுவும் இல்லாத இடத்தில் வையுங்கள். சில வயதான பூனைகளுக்குக் கரண்டி தட்டில் படும் ஓசையும் அலுமினியத் தாள் கசங்கும் ஓசையுமே வலிப்பைக் கிளப்பும். தையல் ஆற 10 முதல் 14 நாள். கழுத்தில் மாட்டும் கூம்பு பூனையைப் படாதபாடு படுத்தினால், உடம்பை மூடும் துணிச்சட்டை போட்டுப் பார்க்கலாம்.

தையல் ஆறுவதற்குள் வலிப்பு வந்தால்?

கடிகாரத்தைப் பாருங்கள். வாய்க்குள் விரலோ கரண்டியோ வைக்காதீர்கள்; பூனை நாக்கை விழுங்காது, உங்கள் விரல்தான் கிழியும். இடித்துக்கொள்ளும் பொருட்களை நகர்த்திவிட்டு விலகி நில்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனாலோ, 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் நின்றுவிட்டால், தெளிந்ததும் தையலைப் பாருங்கள். துடித்ததில் பிரிந்திருக்கலாம், ரத்தம் கசியலாம், தோலுக்கு அடியில் புடைத்திருக்கலாம். அவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

இந்தச் சமயத்தில் கொடுக்கவே கூடாதவை என்னென்ன?

மனிதர்களுக்கான பாராசிட்டமால் பூனைக்கு விஷம். வலிக்கிறதே என்று கால் மாத்திரைகூடக் கொடுக்கக்கூடாது. நாய்களுக்குக் கொடுக்கும் பொட்டாசியம் ப்ரோமைடு பூனைகளில் நுரையீரலைப் பாதிக்கிறது. டயஸிபாமை மாத்திரையாகத் தினமும் கொடுப்பது சில பூனைகளில் கல்லீரலை ஒரேயடியாக அழித்துவிடும்; வலிப்பை நிறுத்த மருத்துவர் போடும் டயஸிபாம் ஊசி வேறு விஷயம். வலி மருந்தான ட்ரமடால் வலிப்பைத் தூண்டக்கூடியது என்பதால் அதற்குப் பதில் வேறு கேளுங்கள்.

அப்புறம், உண்ணி மருந்து. ஆபரேஷனுக்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று நாய்க்கான சொட்டு மருந்தைப் பூனைக் கழுத்தில் விடுகிறவர்கள் உண்டு. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து சாகக்கூட நேரிடும். ஃப்ளூராலனர், லோட்டிலனர் போன்ற ஐசாக்ஸசோலின் வகை உண்ணி மருந்துகளுக்கும் வலிப்பு பற்றிய எச்சரிக்கையை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-இல் வெளியிட்டது.

இவ்வளவு கவனம் வேண்டுமென்றால் செய்யாமலே விட்டால் என்ன?

நானும் அப்படி யோசித்தவள்தான். ஆனால் பூனை சினைப்படாவிட்டால் பருவகாலம் முழுக்க இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஹீட்டுக்கு வரும். சாப்பாடு இறங்காது, தூக்கம் இருக்காது, மாத்திரையைத் துப்பும், கதவு திறந்தால் ஓடும். வெளியில் போய் வலிப்பு வந்தால் யார் பார்ப்பது? ஈஸ்ட்ரோஜன் மூளையை எளிதில் வலிப்புக்குத் தள்ளக்கூடிய ஹார்மோன் என்பதும் சேர்ந்துகொள்கிறது. சினையானால் வலிப்பு மருந்து குட்டிகளைப் பாதிக்கலாம். பாலூட்டும்போது கால்சியம் இறங்கித் தாய்க்கு வலிப்பு வரலாம். கருப்பைச் சீழ் வந்தால் இதே மயக்க மருந்தை மிக மோசமான நிலையில் ஏற்க வேண்டியிருக்கும். பூனைக்கு வரும் மார்புக் கட்டிகளில் 85 சதவீதத்துக்கு மேல் புற்றுநோய். ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்தால் அந்த ஆபத்து ஏறக்குறைய 90 சதவீதம் குறைகிறது, ஒரு வயதுக்குள் செய்தாலும் பெருமளவு குறையும்.

ஹீட்டை நிறுத்தும் ஹார்மோன் ஊசியையும் மாத்திரையையும் சுலப வழி என்று சிலர் சொல்வார்கள். சர்க்கரை நோய், மார்பு வீக்கம், கருப்பைச் சீழ் மூன்றையும் அது கொண்டுவரும். வேண்டவே வேண்டாம்.

ஆண் பூனைக்கும் இதே விதிகளா?

மாத்திரை, பரிசோதனை, கண்காணிப்பு எல்லாம் அப்படியே. வயிற்றைத் திறப்பதில்லை என்பதால் மயக்க நேரம் மிகக் குறைவு.

கருத்தடை செய்தால் வலிப்பு நின்றுவிடுமா? மாத்திரையை விட்டுவிடலாமா?

ஹீட் வரும் நாட்களில் மட்டும் வலிப்பு கூடும் பூனை என்றால் குறைய வாய்ப்பு உண்டு. மற்றபடி எதிர்பார்க்காதீர்கள். பூரணிக்கு இரண்டாவது தடவை குறித்த நாளில், காலை மாத்திரையோடு, முதல் ஆளாக ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிப்பு அதற்குப் பிறகும் எப்போதாவது வந்துகொண்டுதான் இருந்தது. மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

கருத்தடைக்குப் பிறகு பூனைக்குப் பசி கூடும், ஃபீனோபார்பிட்டாலும் பசியைக் கூட்டும். இரண்டும் சேர்ந்து சில மாதத்திலேயே எடை ஏறிவிடும். மாத்திரையின் அளவு எடையை வைத்துக் கணக்கிட்டது என்பதால், மாதம் ஒரு தடவை எடை பார்த்துக் குறித்துவையுங்கள். பூரணியைத் தூக்கிக்கொண்டு எடைப் பலகையில் நின்று, பிறகு என் எடையைக் கழித்துக்கொள்வேன். அரைக் கிலோ மாறியதும் அந்தக் குறிப்போடு மருத்துவரைப் பார்த்து, ரத்தத்தில் மருந்தின் அளவை மறுபடி பார்க்கச் சொல்வேன்.